இரண்டாம் முறை பிடிபட்டால்: குடிபோதை வாகன வழக்கைக் குடும்பத்தார் எப்படிக் கையாள வேண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் சம்மன், நீதிமன்றக் கடிதம் என்று எது வந்தாலும் படித்து விளக்கும் வேலை பல ஆண்டுகளாக என்னிடம் வந்து சேர்கிறது. அண்மையில் ஓர் அம்மா பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்த்தார். பிறப்புப் பத்திரங்களுக்கும் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் கடிதங்களுக்கும் நடுவே, நான்காக மடித்து எழுத்து மங்கிப்போன அபராத ரசீது ஒன்று கிடந்தது. "போன தடவை பத்தாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கட்டி முடிச்சிட்டோம் தம்பி, இப்பவும் அதையே கட்டிட்டா விட்டுடுவாங்கதானே?" என்று கேட்டார். குடித்துவிட்டு ஓட்டி இரண்டாம் முறை பிடிபட்ட அவருடைய மகன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அந்த அம்மாவுக்குச் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் அதனால் எதுவும் முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். முதல் வழக்கில் "குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிவிட்டால் தொல்லை விட்டது" என்று அவசரப்பட்டு ஒப்புக்கொண்டாலும், அது நீதிமன்றத் தீர்ப்பாகவே பதிவாகிறது. அந்தத் தீர்ப்பு இருப்பதால்தான் அடுத்த வழக்கு "இரண்டாவது குற்றம்" ஆகிறது. சாலைத் தடுப்பில் நிறுத்தி விசாரித்து, வழக்குப் போடாமல் அனுப்பிவிட்ட இரவு இந்தக் கணக்கில் வராது.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020இல் திருத்தப்பட்ட பிறகு, அனுமதிக்கப்பட்ட மது அளவும் குறைந்தது, தண்டனையும் பலமடங்கு கூடியது. இப்போது 100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் 22 மைக்ரோகிராம், அதே அளவு இரத்தத்தில் 50 மில்லிகிராம், சிறுநீரில் 67 மில்லிகிராம் என்பதே எல்லை. இதைத் தாண்டி வாகனம் ஓட்டியவருக்கு 45A பிரிவின்படி முதல் முறை 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம். 2 ஆண்டு வரை சிறைக்கும் இடமுண்டு. இரண்டாம் முறையும் அதற்குப் பிறகும் அபராதம் 20,000இல் தொடங்கி 50,000 வரை செல்லும், சிறைக்காலம் 5 ஆண்டு வரை நீளலாம், லைசென்ஸ் தகுதியிழப்பு குறைந்தது 5 ஆண்டு. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை வாங்குபவருக்கு, அந்த 20,000 என்பது சாப்பாட்டுக்குக்கூட ஒரு காசு எடுக்காமல் ஏறத்தாழ ஓர் ஆண்டு உழைத்துச் சேர்க்கும் கூலி. விபத்தில் உயிர் போயிருந்தால் இந்தப் பிரிவோடு நிற்காது. 44ஆம் பிரிவு முதல் முறையே 10 முதல் 15 ஆண்டு வரை சிறை என்கிறது.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே சட்டம்தான். "தோட்டத்து உள்சாலைதானே" என்ற பேச்சும் கைகொடுக்காது, ஏனென்றால் பொதுமக்கள் வந்துபோகும் பாதையாக இருந்தால் அதுவும் சட்டத்தின் பார்வையில் சாலையே.

பிடிபட்ட இரவில் சோதனைக் கருவியில் ஊத மறுப்பதுதான் தப்பும் வழி என்று காப்பிக்கடையில் யாராவது சொல்லியிருந்தால் அதை நம்பாதீர்கள். தக்க காரணமின்றி மறுப்பது தனிக் குற்றம். கைதானவருக்குக் கைதின் காரணத்தை அறியவும், குடும்பத்தாருடனும் வழக்கறிஞருடனும் தொடர்புகொள்ளவும் உரிமை உண்டு. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்க வேண்டுமானால், போலீஸ் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால், ஒய்பிஜிகே என்று அழைக்கப்படும் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தை அந்த இரவே நாடுங்கள். ஜாமீனுக்கு நிற்பவர் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லட்டும்.

வழக்கு நாளன்றுதான் நம்மவர்கள் பெரும்பாலும் தவறிவிடுகிறார்கள். குற்றச்சாட்டு மலாயில் வேகமாக வாசிக்கப்படும். பாதிகூடப் புரியாமல், பயத்தில் தலையாட்டிவிடுவார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். ஒப்புக்கொள்வதன் பொருளையும் விளைவையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் உணர்ந்திருக்கிறாரா என்று உறுதிசெய்வது நீதிமன்றத்தின் கடமை. பழைய தீர்ப்பை வழக்கறிஞரிடம் மறைக்கவே மறைக்காதீர்கள். அரசுத் தரப்பிடம் அந்தப் பதிவு இருக்கும். அவர்கள் எடுத்து வாசிக்கும்போதுதான் நம் வழக்கறிஞருக்கே தெரியவருமானால், அவரால் பேச எதுவும் மிஞ்சாது. சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வீட்டில் நோயாளி இருந்தால் மருத்துவக் கடிதம், குடியை விடச் சிகிச்சைக்குப் போகத் தொடங்கியதற்கான சான்று ஆகியவற்றை முன்கூட்டியே அவரிடம் கொடுங்கள். இவற்றால் அபராதம் சட்டம் வகுத்த அடிமட்டத்துக்குக் கீழே இறங்காது என்றாலும், சிறைக்காலத்தைக் குறைக்கக் கேட்க இவையே துணை.

சிகிச்சை என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். நெடுங்காலம் தினமும் சம்சு எனும் மலிவுச் சாராயம் குடித்தவரை, வழக்கு வந்துவிட்டதே என்று வீட்டில் அடைத்து ஒரே நாளில் நிறுத்த வைப்பது ஆபத்து. கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு வரை போகலாம். அரசுக் கிளினிக் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எவ்வளவு குடித்தார் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தகுதியிழப்பு எல்லா வகை வாகனமோட்டும் உரிமத்துக்கும் சேர்த்தே வருகிறது. லோரி ஓட்டத் தேவையான ஜிடிஎல் எனும் சரக்கு வாகன உரிமம் மட்டும் தப்பாது. ஆகவே தீர்ப்புக்கு முன்பே தோட்ட நிர்வாகத்திடம் பேசி, வாகனம் ஓட்டாத வேலை ஏதேனும் உண்டா என்று கேட்டுவையுங்கள். விடியற்காலை வேலைக்கு எட்டு கிலோமீட்டர் போக வேண்டியவர் "பக்கத்தில்தானே" என்று மோட்டாரை எடுத்தால், தகுதியிழந்த நிலையில் ஓட்டியதாக இன்னொரு வழக்கு வரும். விபத்தானால் காப்புறுதியும் கைவிரிக்கும். அந்த அம்மாவின் வீட்டில் இப்போது மோட்டார் சாவி மருமகளிடம் இருக்கிறது. மகனைக் காலை ஐந்தரைக்கு தோட்ட மேற்பார்வையாளரான மண்டோர் தம் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். பெட்ரோலுக்கு மாதம் அறுபது வெள்ளி கொடுக்கிறார்கள்.