அடையாற்று வெள்ளம்: புதிதாக உதவ வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு ஐப்பசியிலும் எங்கள் வெள்ள உதவிக் குழுவில் புதிய பிள்ளைகள் சேர்கிறார்கள். ஆர்வத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் தடுக்கி விழுந்த இடங்களிலேயே அவர்களும் விழுகிறார்கள். மெயினை அணைப்பது, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். விட்டுவிடுகிறேன்.

ஏரித் திறப்பை மட்டும் பார்ப்பது

மழை வலுத்ததும் முதல் கேள்வி, “செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு திறந்திருக்காங்க?” 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததும், சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியதும் யாருக்கும் மறக்காது. அதனால் ஏரி திறந்தால்தான் வெள்ளம் என்று மனதில் பதிந்துவிட்டது. எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான்.

செம்பரம்பாக்கம் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே புகுவது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். செம்பரம்பாக்கத்தில் ஒரு ஷட்டர்கூடத் தூக்காவிட்டாலும் அந்தத் தெருக்கள் மூழ்கலாம்.

ஒரு மழையில், முடிச்சூரில் தனியாக இருந்த ஒரு அம்மாவிடம் எங்கள் புதுப் பையன் ஒருவன், “ஏரி இன்னும் திறக்கலைம்மா, நிம்மதியா தூங்குங்க” என்று சொல்லிவிட்டான். அவரும் நம்பிக் கீழ்வீட்டிலேயே படுத்தார். விடிவதற்குள் கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர். பக்கத்து வீட்டார் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். தலையணைக்கடியில் இருந்த சர்க்கரை மாத்திரையும் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த வீட்டுப் பத்திரமும் ஊறிப்போயின.

ஆகவே உங்கள் தெருவுக்கு மேலே எந்தெந்த ஏரி இருக்கிறது, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரிநீர் வெளியேறும் இடம்) வழிகிறதா என்று அந்த ஊர்க்காரரிடமே கேளுங்கள். கீழே சைதாப்பேட்டையில் இருப்பவருக்கும் ஏரிக் கணக்கு பாதிதான். வழிநெடுகச் சேரும் மழைநீர் மீதி. கடல் ஏற்றமாக இருந்தால் அதுவும் சீக்கிரம் வடியாது.

“100 வருஷத்து வெள்ளம் வந்தாச்சு, இனி வராது”

ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். அடுத்த வருடமே வரலாம். 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர நான்கில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு.

கரையை உயர்த்தினால் போதும் என்பது

ஆறு தெருவைவிட உயர்ந்து ஓடினால், மழைநீர் வடிகால் வழியாகவே தண்ணீர் திரும்பி ஏறும். வடிகால் ஆற்றில் விழும் இடத்தில் கதவு இருக்கிறதா, சரியாக மூடுகிறதா என்று புரட்டாசியிலேயே பாருங்கள். மூடினால் தெருவில் பெய்த மழை உள்ளேயே தேங்கும். அப்புறம் மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டும்.

தரைக்கடி பார்க்கிங்

தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்துவிட்டால் வண்டியை எடுக்க இறங்காதீர்கள்.