ஜிபியுவில் பெரிய டேட்டா அலசல்: பாண்டாஸிலிருந்து முதல் அடி

பைத்தானில் அட்டவணை டேட்டாவை அலசும் நூலகம் பாண்டாஸ். அது சிபியுவில் ஓடுகிறது; அதே வேலையை ஜிபியுவுக்கு மாற்றும் வழி இது. ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள்: 10 கோடி வரிசை, 4 எண் பத்திகள், ஒவ்வோர் எண்ணும் 8 பைட்: மொத்தம் 3.2 ஜிபி. நொடிக்கு 1 டெராபைட் படிக்கும் ஜிபியு கார்டு தன் நினைவகத்திலிருந்து இதைச் சுமார் 3 மில்லிநொடியில் படித்துவிடும். ஆனால் அது கணினியையும் கார்டையும் இணைக்கும் பிசிஐஇ 4.0 வழியாகக் கார்டுக்குள் வர, 16 லேன் (தடம்) இருந்தாலும், 100 மில்லிநொடியாவது ஆகும். ஆக, நேரத்தைத் தின்பது கணக்கு அல்ல, போக்குவரத்துதான். உள்ளே ஏற்றிய டேட்டாவை வேலை முடியும்வரை வெளியே எடுக்காதீர்கள்.

1. என்விடியா வோல்டா தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய கார்டும் லினக்ஸும் தேவை; விண்டோஸ் என்றால் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2. கார்டு இல்லாதவர்கள் கூகுள் கொலாப் என்ற இணைய நோட்புக்கில் டி4 ஜிபியுவைத் தேர்ந்தெடுத்துப் பழகலாம்.

2. என்விடியாவின் ரேபிட்ஸ் தொகுப்பில் பாண்டாஸ் வேலையை ஜிபியுவில் செய்யும் கியூடிஎஃப் நூலகத்தை நிறுவுங்கள். என்விடியா ஜிபியுவில் நிரல் ஓட்ட உதவும் கூடாவின் எந்தப் பதிப்புக்கானது என்று பார்த்து எடுங்கள். பொருந்தாவிட்டால் இறக்குமதி செய்யும்போதே பிழை வரும்.

3. சிஎஸ்வியை ஒருமுறை பார்க்கே கோப்பாக மாற்றிவிடுங்கள். அது பத்திவாரியாகச் சேமிப்பதால் தேவையான பத்திகளை மட்டும் படிக்கலாம். எண்களின் வீச்சு இடம் கொடுத்தால் 64 பிட்டை 32 ஆக்குங்கள், இடம் பாதியாகும்.

4. நோட்புக்கில், பாண்டாஸ் நிரலை மாற்றாமலேயே ஜிபியுவில் ஓட்டும் கியூடிஎஃப்-பாண்டாஸ் நீட்சியை முதலில் ஏற்றி, அதன்பின் பாண்டாஸை இறக்குமதி செய்யுங்கள். வரிசை மாறினால் எந்தப் பிழையும் காட்டாமல் எல்லாம் சிபியுவிலேயே ஓடும். அப்போது கெர்னலை (நோட்புக்கின் பின்னால் ஓடும் பைத்தானை) மறுதொடக்கம் செய்வதுதான் வழி.

5. குழுவாக்கிக் கூட்டுதல், இணைத்தல், வரிசைப்படுத்தல் ஆகியவற்றை ஓட்டிப் பாருங்கள். முதல் ஓட்டத்தில் கார்டு தயாராகும் நேரமும் சேரும், இரண்டாவதை அளவிடுங்கள்.

வேகம் கூடவில்லையா? நீட்சியோடு வரும் புரொஃபைலரை ஓட்டினால் எந்தச் செயல் ஜிபியுவில், எது சிபியுவில் நடந்தது என்று தெரியும். பெரும்பாலும் குற்றவாளி, வரிசை வரிசையாக அழைக்கப்படும் பைத்தான் சார்புதான் (ஃபங்ஷன்). ஜிபியுவால் அதை ஓட்ட முடியாதபோது டேட்டா சிபியுவுக்குப் போய்த் திரும்புகிறது. அதே கணக்கை, முழுப் பத்திக்கும் ஒரேயடியாக நடக்கும் செயலாக எழுதுங்கள்.

நினைவகம் போதவில்லை என்ற பிழை இணைப்பிலும் வரிசைப்படுத்தலிலும்தான் அதிகம் வரும், இடைநிலை விளைவுகளுக்கும் இடம் வேண்டுமே. கார்டு நினைவகத்தில் பாதிக்கு மேல் டேட்டா ஏற்றாமல், மாதவாரியாகப் பிரித்துக் கூட்டுவது நல்லது. சராசரியைப் பகுதிகளாக எடுக்கும்போது மட்டும் கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் தனித்தனியே வைத்து, கடைசியில் வகுக்க வேண்டும்.

தசமக் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கங்கள் சிபியு விடையோடு சற்று வேறுபடலாம். கூட்டும் வரிசை மாறுவதே காரணம். பணக்கணக்கு என்றால் முழு எண்ணாகவே வைத்துக் கூட்டுங்கள்.