ஃபூக்கோவை வகுப்பில் தொடங்கும்போது சறுக்கும் இடங்கள்

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷல் ஃபூக்கோவின் பெயரைப் பலகையில் எழுதியதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும்: "அறிவே ஆற்றல்னு சொன்னவர்தானே சார்?"

இல்லை. அந்த வாசகம் ஆங்கிலேயத் தத்துவவாதி பிரான்சிஸ் பேக்கனுடையது. 1597-இலேயே அதை ஒட்டிய லத்தீன் தொடர் ஒன்றை அவர் எழுதிவிட்டார். படித்தால் முன்னுக்கு வரலாம் என்றுதான் பிள்ளைகள் அதைப் புரிந்துகொள்கிறார்கள். விடைத்தாளில் 'அறிவுடையார் எல்லாம் உடையார்' குறளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃபூக்கோ எடுத்துக்கொண்டது அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவை. அறிவும் அதிகாரமும் ஒன்று என்று தான் சொன்னதாகப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது என்று ஃபூக்கோவே 1983-இல் ஒரு நேர்காணலில் சொன்னார். இரண்டும் ஒன்றென்றால் அவற்றின் உறவை ஆராய்ந்து அவர் இத்தனை பாடுபட்டிருக்க வேண்டாமே.

அடுத்த சறுக்கல் நம் மொழியிலேயே இருக்கிறது. 'அதிகாரம்' என்றால் நமக்குக் கலெக்டர் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், கொடி கட்டிய கார். அவர் எழுதிய 'புவ்வார்' என்ற பிரெஞ்சுச் சொல் பெயர்ச்சொல்லாகவும் வரும், 'முடிதல், இயலுதல்' என்ற வினையாகவும் வரும். யாரோ பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் பொருளை அவர் பேசவில்லை. ஒருவர் செய்வது இன்னொருவர் என்ன செய்யலாம் என்பதை வளைக்கிறதே, அந்த உறவைப் பேசுகிறார். 'அதிகாரம்' என்ற சொல்லை மாற்ற வேண்டியதில்லை. முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிட்டால் போதும்.

'கண்காணிப்பும் தண்டனையும்' (1975) நூலை எடுத்தால், பலர் முதல் சில பக்கங்களோடு நின்றுவிடுகிறார்கள். பதினைந்தாம் லூயி மன்னரைக் கத்தியால் குத்திய டாமியானை 1757-இல் பாரிஸில் சித்திரவதை செய்து கொன்ற காட்சி அது. வகுப்பு உறைந்துபோகும், அதோடு பாடமும் போச்சு. அதை அடுத்து வருவதுதான் முக்கியம்: சுமார் எண்பது ஆண்டு கழித்து இளங்கைதிகளுக்கென எழுதிய கால அட்டவணை. குளிர்காலத்தில் காலை ஆறு மணிக்கு எழ வேண்டும், கோடையில் ஐந்துக்கு. ஒன்பது மணி நேரம் வேலை, இரண்டு மணி நேரம் பாடம். இதை வாசித்துவிட்டு வகுப்புச் சுவரில் தொங்கும் டைம்டேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

எல்லாரும் தாவிப்போவது அந்த நூலில் வரும் வட்டச் சிறைக்கும் அங்கிருந்து சிசிடிவிக்கும். ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாம் போட்ட திட்டம் அது: நடுக் கோபுரத்திலிருந்து எல்லா அறைகளையும் பார்க்கலாம், தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று கைதிக்குத் தெரியாது. சிசிடிவி வரைக்கும் பிள்ளைகள் தாமாகவே வந்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லலாம்: பல ஆண்டுகள் அலைந்தும் பெந்தாமால் லண்டனில் அந்தச் சிறையைக் கட்ட முடியவில்லை. 1813-இல் கைக்கு வந்தது 23,000 பவுண்டு இழப்பீடுதான்.

என்னைக் கேட்டால், தொடங்க வேண்டிய இடம் தேர்வு. அதே நூலில் அவர் தேர்வைத் தனியாக எடுத்துப் பேசுகிறார். பள்ளியில் பரீட்சை, மருத்துவமனையில் டாக்டரின் தினசரி சுற்று, படையில் அணிவகுப்புச் சோதனை: மூன்றிலும் ஒருவரைப் பார்த்து, அளந்து, எழுதி வைக்கிறார்கள். எழுதியதும் அவர் ஒரு 'கேஸ்' ஆகிவிடுகிறார். நம் பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' பட்டியல் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் இல்லாமல் அந்தப் பட்டியல் இல்லை. பட்டியல் வந்தபின் அவர்களுக்கெனத் தனி வகுப்பு, தனிக் கையேடு. அவர்களைப் பற்றிய அறிவு வளர வளர, அவர்களைப் பிரித்து உட்காரவைப்பதும் நியாயமாகத் தெரிகிறது. கடைசியில் பையனே "நான் மெல்லக் கற்பவன் சார்" என்கிறான்.

இங்கே அவசரப்பட்டு "ஆக, எல்லாம் சதி" என்று முடித்துவிடக் கூடாது. அந்தத் தனி வகுப்பால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிள்ளை உண்டு. அதிகாரம் தடுக்க மட்டும் செய்வதில்லை, உண்டாக்கவும் செய்கிறது என்று ஃபூக்கோ திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

"அப்போ அறிவியலும் பொய்யா சார்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். இயற்பியல், வேதியியல் போன்றவற்றில் அதிகாரத்தோடு உள்ள உறவை ஆராய்வது மிகக் கடினம் என்று அவரே ஒதுக்கினார். மனிதரை வகைப்படுத்தும் மனநல மருத்துவம் போன்ற துறைகளைத்தான் எடுத்துக்கொண்டார். ஒரு துறையில் அதிகாரம் கலந்திருக்கிறது என்பதாலேயே அது பொய்யாகிவிடாது.

'அதிகாரம் எங்கும் இருக்கிறது' என்ற வரியை மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் சோர்ந்துபோகிறார்கள். அந்த வரி வரும் 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில்தான் (1976) அதிகாரம் உள்ள இடத்தில் எதிர்ப்பும் உண்டு என்ற வரியும் இருக்கிறது. அதோடு 1971-ஐயும் சொல்லுங்கள். அந்த ஆண்டு அவர் நண்பர்களோடு சேர்ந்து சிறைத் தகவல் குழு ஒன்றைத் தொடங்கினார். கைதிகளைப் பார்க்க வரிசையில் நின்ற குடும்பத்தாரிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். சாப்பாடு எப்படி, சந்திக்க விடுகிறார்களா, உடம்புக்கு முடியாதபோது யார் பார்க்கிறார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். இந்த முறை சிறையைப் பற்றிச் சொன்னவர்கள் கைதிகளும் அவர்கள் குடும்பத்தாரும்.