வராதவருக்கும் ஒரு வரி: சர்க்கரை நோய்த் தடுப்பு வகுப்பில் கணக்கெடுப்பது எப்படி

மொரிஷியஸில் அரசுப் பணத்தில் நடக்கும் தடுப்பு வகுப்பு ஒன்றில் 40 பேர் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் தராசில் ஏறியவர்கள் 22 பேர்; அவர்களில் 11 பேருக்கு எடை 5 சதவீதத்துக்குக் குறையாமல் இறங்கியிருக்கிறது. 22ஆல் வகுத்தால் சரிபாதி வெற்றி. 40ஆல் வகுத்தால் 27.5 சதவீதம்தான். இரண்டையும் அறிக்கையில் போடுங்கள். எடை ஏறியவர் தராசுக்குக் கூச்சப்பட்டு நின்றுவிடுவது வழக்கம் என்பதால், முதல் எண் தனியாகப் போனால் பாதிக் கதைதான் போகும். சேர்ந்த நாளிலேயே பட்டியலை முடித்துவிட வேண்டும். அதன்பிறகு யாருடைய வரியையும் அழிக்கக் கூடாது.

ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஓர் எண் கொடுங்கள். அடையாள அட்டை எண் வேண்டாம். அதிலேயே பிறந்த தேதி தெரியும். பெயரையும் நம்ப முடியாது. ஒரே ஆறுமுகம் ஒரு தாளில் பிரெஞ்சு உச்சரிப்பிலும் இன்னொன்றில் ஆங்கில உச்சரிப்பிலும் எழுதப்பட்டு இரண்டு ஆளாகிவிடுவார். பெயரையும் எண்ணையும் இணைக்கும் தாள் தனியாகப் பூட்டில் இருக்கட்டும். 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாகக் கருதுவதால், சேரும்போதே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது.

தராசைச் சிமெண்டுத் தரையிலோ டைல்ஸ் தரையிலோ வையுங்கள். பாய் மேல் வைத்தால் எடை தப்பாகக் காட்டும். செருப்பு, கைப்பை, சாவிக்கொத்து எல்லாம் கீழே. 0.1 கிலோ வரை எழுதி, எந்தத் தராசு என்பதையும் குறியுங்கள். எடை தெரிந்த ஒரு பொருளை வைத்து மாதம் ஒருமுறை தராசைச் சோதியுங்கள். இடுப்புச் சுற்றளவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் எடுக்க வேண்டும். புடவைக் கொசுவத்தின் மேல் டேப்பைச் சுற்றினால் அது துணியின் அளவு. இரண்டு முறை அளந்து, 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் அளக்கவும்.

இடுப்பை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், வாழ்க்கைமுறையை மாற்றியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. ஆனால் எடை சொல்லும்படி இறங்கவில்லை. நம் உடல்வாகுக்கு எடை ஒன்றே போதாது. இடுப்பு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 செ.மீ.க்குள் என்ற தெற்காசிய அளவுகோலோடு ரத்தச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விரல் நுனியில் குத்துமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள். லிச்சிப் பழ நாட்களில் இதை விட்டால் விரலில் ஒட்டிய சாறு அளவை ஏற்றிவிடும். வெறும் வயிற்றிலா, சாப்பிட்டு எத்தனை மணி நேரத்திலா என்பது இல்லாத எண் எதற்கும் உதவாது. சர்க்கரை அளவின் அலகு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்றால் எல்லோருக்கும் அதுவே. இந்தியாவில் வாங்கிய மீட்டர் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டினால் 18ஆல் வகுத்து எழுதுங்கள்.

காவடி விரத நாட்களிலும் அதை ஒட்டிய வாரத்திலும் எடை பார்க்காமல் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் குறிப்பில் ‘விரதம்’ என்று எழுதுங்கள்.

வெற்றுக் கட்டம் வேறு, பூஜ்யம் வேறு. உடற்பயிற்சி 0 நிமிடம் என்றால் கேட்டோம், செய்யவில்லை என்றார். வெற்றுக் கட்டம் என்றால் யாரும் கேட்கவே இல்லை. அதனால் கட்டத்தை வெறுமனே விடாமல் குறி போடுங்கள்: ‘வ’ வரவில்லை, ‘ம’ வந்தும் அளக்க மறுத்தார், ‘ர’ வகுப்பே ரத்து. சூறாவளி எச்சரிக்கையால் வகுப்பு நடக்காத நாளில் 40 பேருக்கும் ‘வ’ போட்டால் வருகை விகிதம் அநியாயமாகச் சரியும். அமெரிக்க அரசின் தேசிய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தில் அளக்காத எடைக்கு 999 என்று எழுதுகிறார்கள். அதைப் பின்பற்றினால் சராசரி போடுமுன் அந்த வரிகளை வடிகட்ட வேண்டும்; இல்லையென்றால் வகுப்பே யானை எடைக்குப் போய்விடும்.

எக்செலில் இன்னொரு வில்லங்கம்: பிரெஞ்சுப் பழக்கத்தில் 72,4 என்று காற்புள்ளி போட்டால் சில கணினிகள் அதை எண்ணாகவே எடுப்பதில்லை, சில 724 ஆக்கிவிடும். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதினால் 3/4 மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பம் இல்லை. ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் 3 கிலோவுக்கு மேல் மாறிய எடையைத் தாளோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும்.

வகுப்பு முடிந்த மறுநாளே வராதவர்களுக்குப் போன் போடுங்கள். இரண்டு முறை போதும். வேலை நேரமா, பேருந்து இல்லையா, வீட்டில் நோயாளியா என்று காரணத்தை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். அடுத்த ஆண்டு நிதி கேட்கும்போது மாலை வகுப்பு ஏன் வேண்டும் என்பதற்கு அந்தக் காரணப் பட்டியல்தான் ஆதாரம்.