செத்தவளுக்கு ஏது படபடப்பு? மறுமையில் ஒரு இளையோர் காதல் கதை எழுத

என் நாவலின் வரைவை முதலில் படித்தவள் அண்ணன் மகள். வயது 16. கயலின் கையை ஆதன் முதன்முதலாகப் பிடிக்கும் இடத்தில் நான் இப்படி எழுதியிருந்தேன்: "அவள் இதயம் படபடத்தது. மூச்சு ஒரு கணம் நின்றுபோனது." பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி: "அத்தை, இவ செத்து நாலு நாள் ஆச்சே. மூச்சு ஓடிட்டா இருந்துச்சு, இப்ப நிக்க?"

சிரித்துவிட்டேன். அப்புறம் வரைவு முழுக்கத் தேடிப் பார்த்தேன். இதயம் 31 இடத்தில் துடித்திருந்தது. கன்னம் சிவந்தது, உள்ளங்கை வியர்த்தது, தொண்டை அடைத்தது எல்லாம் தனிக்கணக்கு. காதல் காட்சி என்றதும் கை தானாக எழுதிவிடும் வரிகள் அத்தனையும் உயிருள்ள உடம்பை நம்பி இருப்பவை. கதையை மறுமைக்குக் கொண்டுபோனால் முதலில் பறிபோவது அந்த உடம்புதான்.

அதனால் முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஒரு தாளில் எழுதி முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் மறுமையில் இருப்பவர்களுக்கு மூச்சு உண்டா? பசி, தூக்கம், வலி? நிழல் விழுமா? அழுதால் கண்ணீர் வருமா? தொட்டால் தெரியுமா? எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்று பதில் வந்தால் அது மறுமை இல்லை, கொஞ்சம் மூடுபனி போட்ட வெளியூர். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் காதலிக்க ஆளே இல்லை. இரண்டு மூன்றை மட்டும் எடுத்துவிட்டு, எடுத்த இடத்தில் வேறொன்றை வையுங்கள்.

நான் சூட்டையும் துடிப்பையும் எடுத்தேன். அதற்குப் பதில் ஒரு விதி: ஒருவரை ஒருவர் தொட்டால், தொடப்பட்டவரின் நினைவு ஒன்று தொட்டவருக்குப் போய்விடும். நகல் இல்லை. அந்த நினைவே கைமாறிவிடும். பிறகு அந்தக் காட்சியைத் திருத்தி எழுதினேன்:

"ஆதன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. ஆனால் அவன் திடுக்கிட்டு நின்றான். 'சுவர்ல வரிசையா பென்சில் கோடு இருக்கு. பக்கத்துல தேதி. யாரோ உன் தலைமேல ஸ்கேல வச்சு, எக்காதேன்னு அதட்டறாங்க.'

'எந்தச் சுவர்?' என்று கேட்டாள் கயல்."

அவள் அப்பா அவளுடைய உயரத்தைக் குறித்துவந்த சுவர் அது. முதல் அத்தியாயத்திலேயே வாசகருக்கு அதைக் காட்டியிருந்தேன். கயலுக்குத்தான் இப்போது தெரியாது. இங்கே 'அவளுக்கு மறந்துவிட்டது' என்று நான் ஒரு வரி சேர்த்திருந்தால் காட்சி படுத்துவிடும். வாசகருக்குத் தெரிந்தது பாத்திரத்துக்குத் தெரியாமல் போகிற அந்த நொடி, 31 படபடப்பு செய்யாததைச் செய்தது. (இதற்காக முதல் அத்தியாயத்தில் சுவரை நுழைத்தது நாலாவது திருத்தத்தில்தான். இப்படிப் பின்னாலிருந்து விதைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.)

அடுத்தது பெரிய சிக்கல். சாதாரணக் காதல் கதையில் கடைசி ஆபத்து சாவு. இங்கே எல்லோரும் ஏற்கெனவே செத்தாயிற்று. அப்படியானால் எதற்குப் பயப்படுவார்கள்? என் முதல் வரைவில் 'இரண்டாவது சாவு' என்று ஒன்றைக் கண்டுபிடித்து, கருப்பு நிறப் புகையாக அதை உலவ விட்டிருந்தேன். யாரும் பயப்படவில்லை, நான் உட்பட. பதில் நம்மிடமே பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. நற்றிணையில் ஒரு தலைவி தோழியிடம் சொல்கிறாள்: எனக்குச் சாகப் பயமில்லை, செத்து வேறு பிறப்பாகப் பிறந்தால் என் காதலனை மறந்துவிடுவேனோ என்றுதான் பயம். மறுமைக் காதலுக்கு இதைவிடக் கூர்மையான ஆபத்து எனக்கு அகப்படவில்லை. அந்தப் பாட்டை நினைத்துக்கொண்டதும் புகையைத் தூக்கிப் போட்டேன். தொட்டால் நினைவு போகும் என்கிற விதி வந்ததே அங்கிருந்துதான். நெருங்க நெருங்க, யாரை நெருங்குகிறோம் என்பதே கைநழுவிப் போகும். காதலும் ஆபத்தும் ஒரே கயிற்றின் இரண்டு முனையாக இருந்தால் வில்லனைத் தேடி அலைய வேண்டியதில்லை.

விதிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஒரு கட்டத்தில் என்னிடம் 14 விதிகள் இருந்தன. அதை விளக்கவே ஒரு கிழவர் பாத்திரம் வேண்டியிருந்தது. அவர் பேச ஆரம்பித்தால் அண்ணன் மகள் பக்கத்தைத் தள்ளிவிடுவாள். இறந்தவரைத் தேடிப்போகும் பழைய கதைகளைப் பாருங்கள், விதி ஒற்றை வரிதான். கிரேக்கத் தொன்மத்தில், செத்துப்போன மனைவியை மீட்கப் பாதாளத்துக்குப் போன ஆர்ஃபியுஸுக்கு: மேலே போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்காதே. பாதாள அரசன் தூக்கிப்போன பெர்செஃபொனிக்கு: அங்கே எதையாவது சாப்பிட்டால் அந்த இடத்துக்குக் கட்டுப்பட்டவள். சில மாதுளை விதைகள் போதும். ஜப்பானியத் தொன்மத்தில் இறந்துபோன இசானாமியும் இறந்தவர் உலகத்தின் உணவைச் சாப்பிட்டுவிடுகிறாள். என்னைப் பார்க்காதே என்று தேடிவந்த கணவனிடம் சொல்கிறாள், அவன் விளக்கேற்றிப் பார்த்துவிடுகிறான். ஒரு குழந்தைகூடத் திருப்பிச் சொல்லக்கூடிய விதிகள் இவை. எதை அன்புள்ள மனிதன் செய்யாமல் இருக்கவே முடியாதோ, சரியாக அதைத் தடுக்கின்றன. பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்காத காதலன் உண்டா? உங்கள் விதியையும் இந்த உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். பேராசைக்காரன் மீறும் விதி சுமாரானது. நேசிப்பவன் மீறும் விதிதான் வேண்டும்.

வெளியேறும் வழி இருந்தால் அதுவும் விதிக்குள்ளேயே ஒளிந்திருக்க வேண்டும். சாவித்திரி எமனிடம் சண்டை போடவில்லை. கூடவே நடந்தாள், பேசினாள். சத்தியவானின் உயிரைத் தவிர எதையும் கேள் என்று அவன் வரம் கொடுத்துக்கொண்டே வர, சத்தியவான் மூலம் தனக்கு நூறு பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டாள். எமன் தன் வாக்கில் தானே மாட்டிக்கொண்டான். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு மந்திரக்கல் முளைத்தால் வாசகர் மன்னிக்க மாட்டார். எமனே கொடுத்த வரம் என்றால் கை தட்டுவார்.

எமன் என்றதும் ஒன்று. மறுமையை ஆள்பவரை அரசு அலுவலகம் மாதிரி காட்டுவது, வரிசை, முத்திரை, 'நாளைக்கு வா' எல்லாம் அலுத்துப்போன நகைச்சுவை. வேண்டுமென்றால் கடோபநிடதத்தைப் பாருங்கள். நசிகேதன் போகும்போது எமன் வீட்டில் இல்லை! பையன் மூன்று இரவு சாப்பிடாமல் வாசலில் காத்திருக்கிறான். திரும்பிவந்த எமன், விருந்தாளியைக் காக்கவைத்த குற்றவுணர்ச்சியில் இரவுக்கு ஒன்றாக மூன்று வரம் தருகிறான். சங்கடப்படத் தெரிந்த எமன், மிரட்டுகிற எமனைவிட நூறு மடங்கு சுவாரசியமானவன்.

சரி, வயது. ஆதன் இறந்தது 17 வயதில், 40 வருடங்களுக்கு முன்னால். கயலுக்கும் 17, போன வாரம் இறந்தவள். பார்க்க ஒரே வயது, கணக்கில் அவனுக்கு 57. இந்த வகைக் கதைகளில் நூற்றாண்டு கடந்த 'இளைஞன்' பள்ளிக்கூடப் பெண்ணைக் காதலிப்பது சர்வசாதாரணம். எனக்கு அது ஒப்பவில்லை. உடம்பு வளராவிட்டாலும் 40 வருட அனுபவம் உள்ளவன் பெரியவன்தான். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இறந்தவர்களாக இருக்கட்டும். இரண்டு, அந்த இடைக்காலம் அவனுக்கு அனுபவமாகச் சேரவே இல்லை என்று வையுங்கள். நான் இரண்டாவதை எடுத்தேன். ஆதன் அத்தனை காலமும் விழிக்காமல் கிடந்தவன், கயல் தடுக்கி விழுந்ததில்தான் எழுந்தான். அவனுக்கு அவளைவிட ஒரு நாள்கூட அதிகம் தெரியாது. அவளுடைய செல்போனைக் கையில் வாங்கி, எந்தப் பக்கம் திறப்பது என்று கேட்கிறான். காதல் பாதி அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

இதற்குள் இன்னொரு முடிச்சு. இளையோர் கதை என்றாலே வளர்வதுதான். இறந்தவர்களோ வளராதவர்கள். பிறந்தநாள் வராத ஒருத்தி எப்படிப் பெரியவள் ஆவாள்? இதற்கு ஒவ்வொருவரும் தனக்கான பதிலைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். கயலின் கவலைகளை 17 வயதுக்கு உரியவையாகவே வைத்தேன். வாழ்க்கையின் பொருள் என்ன என்றெல்லாம் அவள் கேட்பதில்லை. தோழியிடம் ரெண்டே நாளில் தருகிறேன் என்று வாங்கிய ரெக்கார்டு நோட்டு தன் பையிலேயே இருக்கிறது, அவள் மார்க் போய்விடும், அதுதான் முதல் நாள் முழுக்க அவள் புலம்பல். அழுதுகொண்டே படித்தேன் என்றாள் அண்ணன் மகள். தத்துவம் பேசிய பக்கங்களில் அவள் அழவில்லை.

எப்படி இறந்தார்கள் என்பதைத் தொடும்போது கவனம் வேண்டும், இதில் நான் கறார். படிப்பவர்களில் 13 வயதுக் குழந்தையும் இருக்கும், அதில் யாரோ ஒருவர் மிக மோசமான வாரத்தில் இருக்கக்கூடும். காதலனோடு சேரத் தன் உயிரை மாய்த்துக்கொள்வதை அழகாகவோ வழியாகவோ காட்டாதீர்கள். முறையை விவரிக்காதீர்கள். திரைக்கும் மேடைக்கும் எழுதுபவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதைப் பற்றித் தனிக் கையேடே வெளியிட்டது. நாவல் எழுதுபவரும் அதைப் படிக்கலாம். என் பழைய வரைவில் உயிரோடிருக்கும் தோழி ஒருத்தி கயலைத் தேடி 'வந்துவிடுவதாக' இருந்தது. அந்த அத்தியாயத்தை மொத்தமாக எடுத்துவிட்டேன். மறுமை எவ்வளவு அழகாக இருந்தாலும், உயிரோடிருப்பதில் மட்டுமே கிடைக்கும் ஏதோ ஒன்று அங்கே இல்லை என்பது ஒவ்வொரு பக்கத்திலும் உறுத்த வேண்டும். என் கதையில் அது வாசனை. மறுமையில் எதற்கும் வாசனை கிடையாது.

நிலப்பரப்பு. சாம்பல் வெளி, முடிவில்லாத படிக்கட்டு, பனி, இவையெல்லாம் இலவசமாகக் கிடைப்பவை என்பதால் எல்லோரிடமும் இருக்கின்றன. இங்கேயும் தமிழ் கைகொடுக்கும். உணர்ச்சிக்கு ஒரு நிலம், நிலத்துக்கு ஒரு பொழுது என்று பிரித்து வைத்த மொழி இது. கூடலுக்கு மலையும் நள்ளிரவும், காத்திருப்புக்குக் காடும் மாலையும், ஏக்கத்துக்குக் கடற்கரை. கயலும் ஆதனும் ஊடல் கொண்டால் சுற்றிலும் வயல் விரிந்து விடியத் தொடங்கும். முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்லும். என் மறுமையிலும் நினைவுகள் குறையக் குறைய மலையும் காடும் காய்ந்து பாலை ஆகின்றன. 'அவர்கள் பிரியப் போகிறார்கள்' என்று ஓரிடத்திலும் எழுதவில்லை, சுனை வற்றியதைத்தான் எழுதினேன். திணையின் பெயரை மட்டும் கதைக்குள் உச்சரிக்காதீர்கள். பாடப்புத்தக வாசனை வந்துவிடும்.

காலக்கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எனக்கு அங்கே ஒரு நாள், இங்கே ஒரு மாதம். அப்படியென்றால் 36 நாளில் கயலின் தம்பி மூன்று வயது கூடியிருக்க வேண்டும். நான் அவனை 9 வயதிலேயே விட்டிருந்தேன். திருத்தியபோது அடித்தது யோகம். 12 வயதுத் தம்பி அதே சுவரில் தன் உயரத்தைக் குறிக்கிறான், கயலின் கடைசிக் கோட்டைத் தாண்டிவிடுகிறான். திட்டமிட்டிருந்தால் இது வந்திருக்காது.

நீளம்: ஆங்கிலத்தில் இந்த வகை நாவல் 70,000 முதல் 1,00,000 சொல் வரை ஓடும். தமிழில் ஒரே சொல்லுக்குள் பாதி வாக்கியம் அடங்கிவிடுவதால் அந்தக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

முடிவு. காதல் கதை வாசகர் நம்பிக்கையோடு புத்தகத்தை மூட விரும்புவார், அது நியாயமானதுதான். ஆனால் எல்லாம் கோமாவில் கண்ட கனவு என்று முடிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். இருவரும் விலையே கொடுக்காமல் உயிரோடு திரும்புவதும் ஏமாற்று. திரும்புவதாக இருந்தால், விதி கேட்ட விலையை முழுதாக வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். என் கதையில் கயலின் கடைசி நினைவையும் ஆதன் வாங்கிக்கொள்கிறான், அவள் ஒன்றுமறியாமல் புதிதாய்ப் பிறக்கப் போகிறாள். அவளாக இருந்த அத்தனையும் அவனிடம் பத்திரமாக இருக்கிறது. அவன் பின்னாலேயே கிளம்புகிறான். சந்திப்பார்களா என்று சொல்லவில்லை. ஒரு பையன் ஒரு சுவரில் பென்சில் கோடு போடுவதோடு நிறுத்திவிட்டேன்.

ஏழாவது வரைவை அண்ணன் மகளிடம் கொடுத்தபோது ஓரங்களில் பென்சில் குறிப்பே இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒன்று இருந்தது: "அத்தை, அந்த ரெக்கார்டு நோட்டு என்ன ஆச்சு?"

எட்டாவது வரைவில் இருக்கிறேன்.