டாக்ஃபைட் பழக வந்தவர்களுக்கு: ஸ்டிக்கை அவ்வளவு இழுக்காதீர்கள்

கணினியில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டுகளில் முதல் டாக்ஃபைட், அதாவது இரண்டு விமானங்கள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் போடும் சண்டை, எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் முடிகிறது. எதிரி விமானம் கண்ணில் பட்டதும் விமானத்தை ஓட்டும் ஸ்டிக்கை வயிற்றோடு ஒட்ட இழுத்து அவன் பின்னால் திரும்புவோம். அவனும் திரும்புவான். இரண்டு சுற்று, மூன்று சுற்று. வேகம் மணிக்கு 450, 350, 250 கி.மீ. என்று இறங்கிக்கொண்டே வரும். விமானம் வெடவெடவென நடுங்கும், ஒரு இறக்கை திடீரென்று தொங்கும். திரும்பிப் பார்த்தால் அவன் நம் வாலில் நிற்பான்.

நான் முதல் ஒரு மாதம் இப்படியேதான் செத்துக்கொண்டிருந்தேன். ஜாய்ஸ்டிக் சரியில்லை, விமானம் சரியில்லை என்று பழி போட்டதில் வீணான நேரம் தனி. உண்மையில் நான் தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கீழே உள்ள படிகளில் பாதி, அந்தக் கையை அடக்குவது பற்றியது.

படி 1: பயிற்சிக் களத்தைத் தயார் செய்யுங்கள்

ஜெட்டும் ஏவுகணையும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ப்ரொப்பெல்லர் விமானங்களில் ஆரம்பியுங்கள். வேகம் குறைவு, சண்டை கண் பார்வைக்குள்ளேயே நடக்கும், செய்த தவறு உடனே தெரியும். ஐஎல்-2, டிசிஎஸ் வேர்ல்ட், வார் தண்டர் என எந்த விளையாட்டானாலும் சரி. வார் தண்டரில் மட்டும், ஓட்டுவதை எளிதாக்கிய ஆர்கேட் முறையைத் தவிருங்கள், அங்கே பழகும் கை வேறு எங்கும் உதவாது. டிசிஎஸ்ஸுடன் இலவசமாக வரும் டிஎஃப்-51டி விமானத்தில் துப்பாக்கியே கிடையாது. ஆனாலும் இங்கே சொல்வதில் பாதியை அதிலேயே பழகிவிடலாம்.

ஒரு சின்ன மிஷன் அமையுங்கள். உங்கள் விமானமும் எதிரி விமானமும் ஒரே ரகம். ஒரே எதிரி, அவன் திறமை மிகக் குறைந்த அளவில். உயரம் 3,000 மீட்டர், மேகமில்லாத பகல். ஒரே ரகம் என்பது முக்கியம். தோற்றால் விமானத்தின் மேல் பழி போட முடியாது.

அப்புறம் தலையைத் திருப்பிப் பார்க்க ஒரு வழி. தலை அசைவைத் தொடரும் ட்ராக்ஐஆர் கருவி, விஆர் கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வெப்கேமராவும் ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருளும் போதும். அதுவும் இல்லையென்றால் ஜாய்ஸ்டிக்கின் தலையில் உள்ள ஹேட் பட்டனில் பார்வைத் திசைகளைப் பொருத்துங்கள். விலை உயர்ந்த ஜாய்ஸ்டிக்கைவிட இதுதான் முதல் தேவை என்பேன்.

படி 2: எதிரியே இல்லாமல் ஒரு மணி நேரம்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போவார்கள். தாண்டாதீர்கள்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் உயரம் உண்டு, வேகம் இல்லை. அடியில் வேகம் உண்டு, உயரம் இல்லை. ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். தள்ளிவிட ஆள் இல்லாவிட்டால் காற்றும் உராய்வும் தின்று ஊஞ்சல் மெல்ல நின்றுவிடும். விமானமும் இப்படித்தான். தள்ளிவிடும் ஆள் எஞ்சின். மணிக்கு 540 கி.மீ. வேகத்தில் போகும் விமானம், காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 360-க்கு இறங்கும்போது சுமார் 640 மீட்டர் உயரம் சம்பாதிக்கும். கீழே பாய்ந்தால் அந்த வேகம் திரும்ப வரும். அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்ட் 1960-களில் இந்தக் கணக்கை ஒரு கோட்பாடாகவே வளர்த்து, எந்த விமானம் எந்த வேகத்தில், எந்த உயரத்தில் எதிரியைவிட வலுவாக இருக்கும் என்று வரைபடம் போட்டுக் காட்டினார்.

பாயும்போதும் ஏறும்போதும் ஆற்றல் பெரும்பாலும் உங்களிடமே இருக்கிறது. இறுக்கித் திரும்பும்போது செலவாவது மட்டும் திரும்பி வராது. அதைக் கண்ணால் பார்க்க இப்படிச் செய்யுங்கள்:

1. 3,000 மீட்டரில் 400 கி.மீ. வேகத்தில் நேராகப் பறந்து, ட்ரிம் (ஸ்டிக்கை விட்டாலும் நேராகப் பறக்க வைக்கும் அமைப்பு) சரி செய்து, எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் திறவுங்கள்.
2. 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்புங்கள். இது 2 ஜி, அதாவது உங்கள் எடை இரண்டு மடங்காக அழுத்தும். ஒரு முழுச் சுற்று முடிந்ததும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. மறுபடி அதே வேகத்துக்கு வந்து, இன்னும் சாய்ந்து, நடுக்கம் வரும்வரை இழுத்து ஒரு சுற்று. வேகம் எவ்வளவு கொட்டிப்போனது என்று பாருங்கள்.

நடுக்கம் வரக் காரணம் உண்டு. இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போவதுதான் ஸ்டால். ஜி கூடக் கூட ஸ்டால் ஆகும் வேகமும் கூடும். நேராகப் பறக்கையில் 150-இல் ஸ்டால் ஆகும் விமானம், 4 ஜி இழுக்கும்போது 300-லேயே ஆகிவிடும். ஆகவே நடுக்கம் என்பது விமானம் விடும் எச்சரிக்கை. அது தொடங்கும் இடம்வரை இழுத்து, அங்கிருந்து ஒரு மயிரிழை தளர்த்திப் பிடியுங்கள். அந்த விளிம்பு கைக்குப் பழகும்வரை இடமும் வலமும் மாறி மாறிச் சுற்றுங்கள். சலிப்பான வேலைதான்.

படி 3: முதலில் உருட்டு, பிறகு இழு

உங்கள் தலைக்கு நேர் மேலே, கண்ணாடிக் கூண்டைத் துளைத்துக்கொண்டு ஒரு கம்பு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கை இழுத்தால் விமானம் அந்தக் கம்பு காட்டும் பக்கம் வளையும். அதனால் எங்கே திரும்ப வேண்டுமோ அங்கே முதலில் கம்பைத் திருப்ப வேண்டும். அதாவது உருள வேண்டும். இழுப்பது அதற்குப் பிறகு.

புதியவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்து, விமானத்தைக் கோணலாக எங்கோ கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஆரம்பத்தில் வாய்விட்டே சொல்லுங்கள்: "உருட்டு, இழு." பக்கத்து அறையில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

கண் எப்போதும் எதிரி மேல் இருக்கட்டும். வேகத்தைப் பார்க்க ஒரு நொடி உள்ளே வந்தால் போதும். காற்றின் இரைச்சலும் நடுக்கமுமே மீதியைச் சொல்லிவிடும்.

படி 4: மூக்கு எங்கே நீட்டியிருக்கிறது?

துரத்துவதில் மூன்று வகை. எதிரிக்கு முன்னால் உள்ள இடத்தை நோக்கி மூக்கை வைத்தால் லீட், நேராக அவன் மேலேயே வைத்தால் ப்யூர், அவன் வாலுக்குப் பின்னால் வைத்தால் லேக். லீட் குறுக்கு வழி, இடைவெளி வேகமாகக் குறையும். லேக் சுற்று வழி, இடைவெளியைக் காப்பாற்றும்.

சுட லீட் வேண்டும். குண்டு 300 மீட்டர் போக ஏறக்குறைய 0.4 நொடி ஆகும் என்று வைத்தால், குறுக்கே 500 கி.மீ. வேகத்தில் போகும் எதிரி அதற்குள் 55 மீட்டர் நகர்ந்துவிடுவான். அது அவன் விமானத்தைப் போல ஐந்தாறு மடங்கு நீளம்.

ஆனால் சுடும் நேரம் தவிர மற்ற நேரம் முழுக்க லீட்டில் இருப்பதுதான் நம் நோய். எப்போதும் மூக்கை அவனுக்கு முன்னால் கொண்டுபோகப் பார்த்து, இழுத்து இழுத்து, கடைசியில் ஆற்றலும் இல்லாமல் குறியும் இல்லாமல் நிற்போம். நெருங்கும்வரை லேக்கில் பொறுமையாகத் தொங்குங்கள். அவன் இறுக்கித் திரும்பித் தன் வேகத்தைத் தானே கொட்டட்டும்.

படி 5: ஹை யோ-யோ

ஒன்றே ஒன்றைத்தான் கற்க நேரம் உண்டு என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எதிரியின் பின்னால் இருக்கிறீர்கள். அவன் இறுக்கித் திரும்புகிறான். உங்களுக்கு அவனைவிட வேகம் அதிகம். இப்படியே போனால் அவன் வட்டத்தை விட்டு வெளியே பாய்ந்து, அவனுக்கு முன்னால் போய் நிற்பீர்கள். கை என்ன செய்யச் சொல்லும்? இன்னும் இழுக்கச் சொல்லும். இழுக்காதீர்கள்.

இழுவையைச் சற்றுத் தளர்த்துங்கள். சாய்வைக் கொஞ்சம் குறைத்து, கம்பு அவனுக்கு மேலே வானத்தைக் காட்டும்படி உருளுங்கள். இப்போது இழுத்தால் மூக்கு அடிவானத்துக்கு மேலே ஏறும். அவனுடைய வட்டத்தை விட்டு மேலே போகிறீர்கள். வேகம் குறையும், குறையத்தான் வேண்டும். 4 ஜி-யில் 540 கி.மீ. வேகத்தில் திரும்பும் வட்டத்தின் ஆரம் சுமார் 590 மீட்டர், அதே 4 ஜி-யில் 360 என்றால் 260 மீட்டர்தான். மிச்ச வேகம் வீணாகவில்லை, உயரமாக உங்களிடம் இருக்கிறது.

மேலே போகும்போது தலையைத் தூக்கி அவனையே பாருங்கள். உச்சியை நெருங்கும்போது உருண்டு, கம்பை அவன் பக்கம் திருப்பி, மெதுவாகக் கீழே இழுங்கள். புவியீர்ப்பும் உங்களோடு சேர்ந்து இழுக்கும். இறங்கி வரும்போது மறுபடி அவன் பின்னால் இருப்பீர்கள், இடைவெளியும் இருக்கும்.

இதில் வழக்கமாகச் சொதப்பும் இடங்கள் இரண்டு. ஒன்று, தாமதமாக ஆரம்பிப்பது. அவன் கண்ணாடி முழுக்க நிறைந்த பிறகு ஏறிப் பயனில்லை. இன்னொன்று, அளவுக்கு மீறி ஏறுவது. நீங்கள் உச்சியில் மிதக்கும் நேரத்தில் அவன் மூக்கைத் தூக்கி உங்களைச் சந்திக்க வந்துவிடுவான். பெரிய யோ-யோ ஒன்றைவிடச் சின்னதாக இரண்டு மேல்.

லோ யோ-யோ இதன் தலைகீழ். எட்ட முடியாத தூரத்தில் அவனோடு சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், மூக்கை வட்டத்தின் உட்பக்கமாகக் கீழே இறக்கி, வேகம் பிடித்து, குறுக்கே வெட்டி, கீழிருந்து அவனை நோக்கி எழும்புங்கள். தரை அருகே வேண்டாம்.

படி 6: அவன் உங்கள் வாலில் வந்துவிட்டால்

முதலில் திரும்பிப் பாருங்கள். அவன் விமானத்தின் முதுகு தெரிந்தால் அவன் லேக்கில் இருக்கிறான், இப்போதைக்குச் சுட முடியாது. வயிறு தெரிந்தால் லீட் எடுக்கிறான், குண்டு வரப்போகிறது. இந்த ஒரு அடையாளம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

அவன் சுடும் தூரத்துக்கு வரும் நேரத்தில், அவன் இருக்கும் பக்கமாகவே முழுதாக இறுக்கித் திரும்புங்கள். இங்கேதான் அந்தக் கையை அவிழ்த்துவிடலாம். அவனுடைய குறி கலைய வேண்டும், ஆற்றலைச் செலவழிக்கத் தகுந்த இடம் இது. முன்கூட்டியே திரும்பினால் அவன் நிதானமாகச் சரிசெய்துகொள்வான். திரும்பிய பிறகு இழுவையைத் தளர்த்தி மறுபடி பாருங்கள். வேகமாக வந்தவன் என்றால் உங்கள் பாதையைத் தாண்டி வெளியே பாய்வான்.

தாண்டிய பிறகே எதிர்ப்பக்கம் உருளுங்கள். பதற்றத்தில் அதற்கு முன்பே உருண்டால், முதுகையும் இறக்கைகளையும் அகலமாக விரித்து அவன் குறிக்கு நேராகக் காட்டுவீர்கள். சரியாகச் செய்தால் இருவரும் ஒருவர் பாதையை ஒருவர் மாறி மாறி வெட்டிக்கொள்ளும் சிஸர்ஸ் தொடங்கும். அதில் போட்டி, யார் முன்னோக்கி மெதுவாக நகர்வது என்பதில். முன்னால் போனவன் தோற்றான்.

தலைகீழாக உருண்டு கீழே இழுத்துத் தப்பும் ஸ்ப்ளிட்-எஸ் பார்க்க அழகு. தரையிலிருந்து 1,500 மீட்டருக்குள் இருந்தால் மறந்துவிடுங்கள். என்னை வீழ்த்தியவர்கள் பட்டியலில் தரைக்குத் தனி இடம் உண்டு.

படி 7: சுடுவது

கிட்டே போங்கள், இன்னும் கிட்டே. இறக்கைத் துப்பாக்கிகளின் குண்டுகள் குறிப்பிட்ட தூரத்தில்தான் ஒன்றுசேரும். அதை 200, 250 மீட்டரில் வைத்து, அந்தத் தூரத்துக்கு வரும்வரை விரலை எடுத்து வையுங்கள். பிரிட்டனின் முதல் வகை ஸ்பிட்ஃபயர் விமானத்தில் எட்டு துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் 300 குண்டுகள். மொத்தமாகச் சுமார் 15 நொடி சுட்டால் தீர்ந்தது. ஒரு நொடி, இரண்டு நொடி என்று சிறு சிறு வெடிப்பாகச் சுடுங்கள். சுடும்போது ரடரைச் (வால் சுக்கானின் மிதியைச்) சரியாக மிதித்து, சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்தை நடுவில் வையுங்கள், விமானம் பக்கவாட்டில் சறுக்கினால் குண்டும் சறுக்கும்.

படி 8: திரும்பாமலே சண்டை போடுவது

இதுவரை ஒரே ரக விமானங்கள். வேறு வேறு ரகம் என்றால் முதல் கேள்வி, யார் நன்றாகத் திரும்புவார்கள் என்பது. அவன் என்றால், அந்தப் போட்டிக்கே போகாதீர்கள். ஜப்பானின் ஸீரோ போர் விமானத்தோடு மெதுவான வேகத்தில் திரும்பப் போனவர்கள் தொலைந்தார்கள். ஆனால் வேகம் கூடினால் அதன் எய்லரான்கள் (உருள வைக்கும் இறக்கை மடல்கள்) இறுகி, உருளவே சிரமப்படும். பி-40 ஓட்டிய தன் அமெரிக்கத் தன்னார்வ விமானிகளுக்கு க்ளேர் ஷெனால்ட் சொன்னதும் இதுதான்: ஜப்பானிய விமானங்களோடு திரும்பாதே, உயரத்திலிருந்து பாய், சுடு, போய்க்கொண்டே இரு.

352 விமானங்களை வீழ்த்திய ஜெர்மானியர் எரிக் ஹார்ட்மனும் சுழன்று சண்டையிடுவதை விரும்பாதவர். பார்ப்பது, தீர்மானிப்பது, தாக்குவது, விலகுவது என்பதே அவர் முறை. புதியவர்கள் கோட்டைவிடுவது நான்காவதில். பாய்ந்து சுட்டது தப்பியதும் "இன்னும் கொஞ்சம் இழுத்தால் கிடைத்துவிடுவான்" என்று தோன்றும். விட்டுவிட்டு நேராக ஏறுங்கள். ஏறிய பிறகு திரும்பிப் பாருங்கள்.

ரகத்துக்கு ரகம் இப்படி விசித்திரங்கள் உண்டு. ஐஎல்-2 க்ளிஃப்ஸ் ஆஃப் டோவரில் ஆரம்பகால ஸ்பிட்ஃபயரை ஓட்டி, ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109-ஐத் துரத்தும்போது ஸ்டிக்கை முன்னால் தள்ளிப் பாருங்கள். கார்புரேட்டரில் எரிபொருள் தடைப்பட்டு எஞ்சின் இருமும். எரிபொருளை நேராகச் செலுத்தும் 109 அப்படியே பாய்ந்து போய்விடும். நிஜத்திலும் அதுதான் நடந்தது. தலைகீழாக உருண்டு இழுத்தால் எஞ்சின் ஒழுங்காக ஓடும்.

படி 9: பதிவைப் பாருங்கள்

ஒவ்வொரு சண்டையையும் பதிவு செய்து, டாக்வியூ போன்ற மென்பொருளில் மேலிருந்து பாருங்கள். தோற்ற கணத்தைப் பார்ப்பதில் பெரிதாகப் பயனில்லை. அதற்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் பின்னால் போங்கள். அங்கே எங்கோ வேகம் செங்குத்தாக விழுந்திருக்கும். அந்த நேரத்தில் எதிரி எங்கே இருந்தான், அப்படி இழுக்க அவசியம் இருந்ததா என்று பாருங்கள். என் பதிவுகளில் பத்துக்கு எட்டில் இல்லை.

குறைந்த திறமை எதிரியைத் தொடர்ந்து ஐந்து முறை வீழ்த்தினால் அடுத்த அளவுக்கு ஏற்றுங்கள். அதன் பிறகு, அவனை உங்களைவிட 500 மீட்டர் மேலே வைத்து மிஷனைத் தொடங்குங்கள். படி 6 அப்போதுதான் உண்மையில் ஆரம்பமாகும்.