எக்ஸ்ட்ரா என்றால் எப்போதும் 'கூடுதல்' இல்லை

'எக்ஸ்ட்ரா சாம்பார் கொண்டு வாங்க' என்று கேட்கும் அளவுக்கு இந்தச் சொல் நம்மோடு பழகிவிட்டது. அதனாலேயே எங்கே கண்டாலும் 'கூடுதல்' என்று பொருள் சொல்லிவிடுகிறோம். பல தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன.

லத்தீனில் எக்ஸ்ட்ரா என்றால் 'வெளியே', 'அப்பால்'. எக்ஸ்ட்ராஆர்டினரி என்பது வழக்கமான ஒழுங்குக்கு வெளியே நிற்பது. அந்த நீண்ட சொல் சுருங்கித்தான் ஆங்கிலத்தில் எக்ஸ்ட்ரா தனிச்சொல் ஆகியிருக்க வேண்டும் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. வழக்கத்துக்கு வெளியே இருப்பது, வழக்கமான அளவுக்கு மேல் இருப்பது என்று நகர்ந்து 'கூடுதல்' வந்து சேர்ந்தது.

ஆனால் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. எக்ஸ்ட்ரா ஜுடீஷியல் கன்ஃபெஷன் என்று வழக்குகளில் வரும். குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்துக்கு வெளியே, தெரிந்தவரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அது. அதைக் 'கூடுதல் வாக்குமூலம்' என்று எழுதினால், முதலில் ஒன்று கொடுத்துவிட்டு அப்புறம் இன்னொன்றும் கொடுத்தார் என்றுதான் வாசகர் நினைப்பார். உண்மையில் இது பலவீனமான சாட்சியம், தனியாக நம்பத் தயங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே பலமுறை சொல்லியிருக்கிறது. ஒருவரின் தலைவிதி சம்பந்தப்பட்ட இடத்தில் இப்படி அசட்டையாக மொழிபெயர்ப்பது எனக்குப் பொறுக்காது.

'எக்செட்ரா' என்று பலர் உச்சரிப்பதும் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. அது எட்செட்ரா. லத்தீனில் 'எட்' என்றால் 'மற்றும்', 'செட்டெரா' என்றால் 'மீதி உள்ளவை'. எக்ஸ்ட்ராவுக்கும் அதற்கும் உறவே இல்லை. முன்னால் ஒரு 'அண்ட்' சேர்ப்பதும் தேவையில்லை.

கால்பந்தில் 90 நிமிடம் முடிந்ததும் நடுவர் சேர்த்துத் தரும் சில நிமிடங்களை 'எக்ஸ்ட்ரா டைம்' என்கிறோம். அது வீணான நேரத்துக்கு ஈடு, ஸ்டாப்பேஜ் டைம். எக்ஸ்ட்ரா டைம் என்பது நாக் அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் ஆடும் தனி 30 நிமிடம், பாதிக்கு 15. கிரிக்கெட்டிலும் எக்ஸ்ட்ரா ரன்கள் முழுவதையும் பந்துவீச்சாளர் தலையில் கட்டக் கூடாது. வைடும் நோபாலும் அவர் கணக்கில் ஏறும். மட்டையில் படாத பந்தில் ஓடி எடுக்கும் 'பை', 'லெக்பை' ரன்கள் ஏறாது.

'கூடுதல்' போலவே தோன்றும் சர்ப்ளஸ் வேறு. பழைய பிரெஞ்சில் 'சுர்' மேலே, 'ப்ளுஸ்' அதிகம். தேவை போக மிஞ்சுவது, அதாவது உபரி. பட்ஜெட்டில் 'வருவாய் உபரி' என்று படித்ததும் அரசிடம் பணம் குவிந்து கிடக்கிறது என்று எண்ண வேண்டாம். வருவாய்க் கணக்கில் வரவு செலவை மிஞ்சியது, அவ்வளவுதான். பாலம், சாலை போன்ற மூலதனச் செலவுக்கு அதே அரசு அதே ஆண்டில் கடன் வாங்கியிருக்கலாம். உபரியைப் பார்த்த கையோடு நிதிப் பற்றாக்குறை, அதாவது மொத்தச் செலவுக்கு அரசு கடன் வாங்க வேண்டியிருந்த தொகை, எவ்வளவு என்றும் பாருங்கள்.